மட்டக்களப்பு வாவியும் மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களும்: சூழல் நெருக்கீட்டை ஆராய்வோருக்கான முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே அம்பாறை மாவட்டத்தின் கல்முனைப் பகுதி வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. கோடையில் அதன் உவரும் வெப்பமும் ஏறுகின்றன. வடகீழ்ப் பருவமழை பெய்ததும் வயல்வெளிகளிலிருந்தும் ஊர்களிலிருந்தும் வரும் வெள்ளம் அதை நன்னீருக்கு அண்மையாக மாற்றிவிடுகிறது. வீட்டுக் கழிவு, கோழிப் பண்ணைக் கழிவு, இறால் குளத்து நீர், வயலுக்கிட்ட உரத்தின் மிச்சம் ஆகிய யாவும் வந்து சேரும் இவ்வளவு மாறுந்தன்மையுள்ள நீரில் வாழும் பற்றீரியாக்களின் நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பு, அந்நீரின் நெருக்கீடுகளால் கூடுகிறதா என்பது நம் பகுதி மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வியாகும். 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்தெதிர்ப்புள்ள பற்றீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அந்த எதிர்ப்பின் ஒரு பகுதி வைத்தியசாலைக்கு வெளியே, நீரிலும் மண்ணிலும், பேணப்பட்டும் பரிமாறப்பட்டும் வருகிறது.

வந்தாறுமூலையிலும் சம்மாந்துறையிலும் உயிரியல் பயின்று இறுதியாண்டு ஆய்வைத் திட்டமிடும் மாணவர்களையும், உயர்தர வகுப்பில் இப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்களையும் மனதில் கொண்டு இவ்வழிகாட்டியை எழுதுகிறேன்.

படி 1: ஒரு கேள்வியை மூன்றாகப் பிரித்தல்

"உவர் நீர் பற்றீரியாவை எதிர்ப்புள்ளதாக்குகிறது" என்று ஓர் ஆய்வு முடிவு கூறினால், அந்த ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு கூற்றுகள் ஒளிந்திருக்கக்கூடும். அவற்றைப் பிரித்தறியாமல் ஆய்வுகூடத்துக்குள் நுழைபவர் எவ்வளவு உழைத்தாலும் அவருடைய தரவிலிருந்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே நான் இங்கு வலியுறுத்த விரும்புவது.

முதற்கூற்று, நெருக்கீடு நீடிக்கும் வரை கலம் தன் உடலியலை மாற்றிக்கொண்டு மருந்தைத் தாங்குகிறது என்பது. நெருக்கீடு நீங்கியதும் அந்தத் தாங்குதிறனும் நீங்கிவிடும். பரம்பரையலகில் எதுவும் மாறியிருக்காது. 1944இல் ஜோசப் பிகர் பெனிசிலினால் கொல்லப்படாமல் எஞ்சிய ஸ்டபிலோகொக்கசுக் கலங்களைப் பற்றி எழுதியபோது, அவற்றின் சந்ததி மீண்டும் பெனிசிலினுக்கு அடங்கியது என்பதையும் காட்டினார். அத்தகைய எஞ்சுகலங்களை எதிர்ப்புள்ள கலங்கள் என்று அழைப்பது தவறாகும்.

இரண்டாவது, எதிர்ப்புள்ள கலங்கள் ஏற்கெனவே இருந்தன, நெருக்கீடு அவற்றுக்குச் சாதகமாக அமைந்து அவற்றின் பங்கைக் கூட்டியது என்பது. இது தேர்வு ஆகும். மூன்றாவது, நெருக்கீடு விகாரங்களின் வீதத்தையோ கலங்களுக்கிடையிலான பரம்பரையலகுப் பரிமாற்றத்தையோ உயர்த்தி, புதிய எதிர்ப்பையே உண்டாக்கியது என்பது. 1943இல் லூரியாவும் டெல்புரூக்கும் செய்த பரிசோதனை, வைரசுக்கு எதிரான விகாரங்கள் அந்த வைரசைச் சந்திப்பதற்கு முன்பே தற்செயலாகத் தோன்றிவிடுகின்றன என்று காட்டியது. எனவே மூன்றாவது கூற்றை முன்வைப்பவர், இரண்டாவது கூற்று மட்டுமே தம் தரவை விளக்கப் போதாது என்பதை நிறுவக் கடமைப்பட்டவர். உங்கள் ஆய்வு இம்மூன்றில் எதைச் சோதிக்கிறது என்பதை முதற்பக்கத்திலேயே எழுதுங்கள்.

படி 2: நெருக்கீடு கலத்துக்குள் என்ன செய்கிறது என்பதை அறிதல்

உவரிலிருந்து தொடங்குவோம். குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பற்றீரியாவின் வெளிமென்சவ்வில் ஓம்ப்-எஃப், ஓம்ப்-சி என்னும் இரு துளைப் புரதங்கள் உள்ளன. வெளியே உவர் கூடும்போது என்வ்-இசட் என்னும் உணர்புரதம் அதை உணர்ந்து ஓம்ப்-ஆர் வழியாகக் கட்டளையிட, அகன்ற துளையுள்ள ஓம்ப்-எஃப் குறைந்து, ஒடுங்கிய ஓம்ப்-சி கூடுகிறது. அம்பிசிலின் போன்ற பீட்டா-லக்டம் மருந்துகள் பெரும்பாலும் ஓம்ப்-எஃப் துளையினூடாகவே கலத்துக்குள் செல்வதால், உவர் கூடிய நீரில் அவற்றின் நுழைவு குறைகிறது. வெப்பநிலை உயரும்போதும் ஓம்ப்-எஃப் குறைகிறது. ஆவணி மாதத்து வாவியில் இவ்விரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஆயினும் இது முதற்கூற்றைச் சேர்ந்த மாற்றம் என்பதை மறவாதீர்கள். நன்னீர் வந்ததும் துளைகள் மீண்டும் மாறிவிடும்.

ஒட்சியேற்ற நெருக்கீடு வேறொரு வழியைத் திறக்கிறது. சொக்ஸ்-ஆர் புரதம் அதை உணர்ந்து சொக்ஸ்-எஸ் புரதத்தை உருவாக்கச் செய்கிறது, சொக்ஸ்-எஸ், ஏ.சி.ஆர்.ஏ.பி.-டொல்-சி என்னும் வெளியேற்றப் பம்பைக் கூட்டுகிறது. இந்தப் பம்பு டெட்ராசைக்கிளின், குளோரம்பெனிக்கோல், சிப்ரோபுளொக்சசின் என ஒன்றோடொன்று தொடர்பற்ற பல மருந்துகளையும் வெளியே தள்ளக்கூடியது. இதே பம்பை மார்-ஏ, ரொப் என்னும் வேறு இரு கட்டுப்பாட்டுப் புரதங்களும் இயக்குகின்றன. குடலிலுள்ள பித்த உப்புகள் ரொப் வழியாகவே அதைத் தூண்டுகின்றன. மருந்தையே காணாத ஒரு கலம் மருந்தைத் தாங்கும் ஆயத்தத்துடன் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

எல்லாவற்றிலும் அதிகம் ஆராயத்தக்கது எஸ்.ஓ.எஸ். துலங்கல் என்பதே என் கருத்து. புறவூதாக் கதிராலோ, ஒட்சியேற்றத்தாலோ, சிப்ரோபுளொக்சசின் போன்ற மருந்தாலோ டீ.என்.ஏ. சேதமடையும்போது, வெளிப்படும் ஒற்றை இழை மீது ரெக்-ஏ புரதம் படிந்து இழையாகிறது. அதன் தூண்டுதலால் லெக்ஸ்-ஏ என்னும் அடக்கிப் புரதம் தன்னைத்தானே பிளந்துகொள்ள, அது அடக்கி வைத்திருந்த 40க்கும் மேற்பட்ட பரம்பரையலகுகள் செயற்படத் தொடங்குகின்றன. முதலில் பிழையின்றித் திருத்தும் நொதியங்கள் வருகின்றன. சேதம் நீடித்தால், பிழைவிடும் தன்மையுள்ள டீ.என்.ஏ. பொலிமரேசு 4, 5 ஆகியனவும் வருகின்றன. அவை சேதத்தைத் தாண்டி நகலெடுப்பதால் கலம் பிழைக்கிறது, ஆனால் விகாரங்கள் கூடுகின்றன. இதே துலங்கல் பரிமாற்றத்தையும் தூண்டுகிறது: கொலராவை உண்டாக்கும் விப்ரியோவில் எஸ்.எக்ஸ்.டி. என்னும் நகரும் கூறு, பல மருந்துகளுக்கான எதிர்ப்பைச் சுமந்திருக்கிறது, எஸ்.ஓ.எஸ். தூண்டப்படும்போது அதன் பரிமாற்றம் கூடுகிறது என்பது 2004இல் காட்டப்பட்டது. விப்ரியோ இனங்கள் உவர்கலந்த நீரையே இயற்கை வாழிடமாகக் கொண்டவை என்பதால், இந்தச் செய்தி நம் வாவிக்கு மிகவும் நெருக்கமானது.

பட்டினியில் கலம் வளர்ச்சியை நிறுத்துவதும், ஆர்.பி.ஓ.எஸ். என்னும் பொது நெருக்கீட்டுக் காரணி மேலோங்குவதும் தாங்குதிறனைக் கூட்டுகின்றன. வளராத கலத்தின் சுவரை உடைக்கப் பெனிசிலினுக்கு வாய்ப்பில்லை.

பார உலோகங்களின் கதை வேறு. செம்பு, நாகம், இரசம், கட்மியம் ஆகியன சிதைவதில்லை. அடிச்சேற்றில் ஆண்டுக்கணக்கில் தங்குகின்றன. பொசுபேற்று உரங்களுடன் சிறிதளவு கட்மியம் வருவதும், குளங்களில் பாசியைக் கட்டுப்படுத்தச் செம்புச் சல்பேற்று இடப்படுவதும் உலகெங்கும் அறியப்பட்டவை. உலோகத்தைத் தாங்கும் பரம்பரையலகும் மருந்தைத் தாங்கும் பரம்பரையலகும் ஒரே பிளாஸ்மிட்டில் (கலத்திலிருந்து கலத்துக்குச் செல்லக்கூடிய சிறு டீ.என்.ஏ. வளையத்தில்) அமர்ந்திருந்தால், உலோகமே மருந்தெதிர்ப்பைக் காத்து வளர்க்கும். டென்மார்க்கின் பன்றிப் பண்ணைகளில் தீவனத்திலிருந்த செம்பு, செம்பைத் தாங்கும் பரம்பரையலகுடன் சேர்த்து வங்கோமைசின், எரித்ரோமைசின் எதிர்ப்பையும் சுமந்த என்டரோகொக்கசுகளைப் பேணியதை இதற்கு உதாரணமாகக் கூறலாம்.

படி 3: இடத்தையும் காலத்தையும் தெரிவுசெய்தல்

பாலமீன்மடு முகத்துவாரம், கல்லடிப் பாலம், வலையிறவுப் பாலம், மண்முனைப் பாலம், பட்டிருப்புப் பாலம், கிட்டங்கி ஆகிய இடங்கள் வடக்கிலிருந்து தெற்காக அணுகுவதற்கு எளிதான ஒரு வரிசையைத் தருகின்றன. கடல் வாயிலுக்கு அருகே உவர் கூடியும் உள்ளே செல்லச் செல்லக் குறைந்தும் இருப்பதை எதிர்பார்க்கலாம். எனினும் எதிர்பார்ப்பைப் பதிவாக எழுதக் கூடாது, ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். முகத்துவாரம் மணலால் அடைபட்டிருந்ததா, வெட்டித் திறக்கப்பட்டிருந்ததா என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். மீனவர்களிடம் கேட்டால் திறந்த நாளையே சொல்வார்கள். எந்தக் கருவியும் தராத தகவல் அது.

மாரிக்கும் கோடைக்கும் ஒவ்வொரு நாள் மட்டும் மாதிரி எடுத்து இரண்டையும் ஒப்பிடுவது போதாது. மாரியில் உவர் குறைகிறது, வெப்பம் குறைகிறது; அதே வேளை மலசலகூடக் குழிகளும் தொழுவங்களும் கழுவப்பட்டு எதிர்ப்புள்ள குடற்பற்றீரியாக்கள் புதிதாக வந்து சேர்கின்றன. அந்நாளில் எதிர்ப்பு கூடியிருந்தால் அதற்கு நெருக்கீட்டைக் காரணங்காட்ட முடியாது. ஒரே பருவத்துக்குள் உவர் மட்டும் வேறுபடும் இடங்களை ஒப்பிடுவதும், மாதந்தோறும் எடுப்பதும் இந்தச் சிக்கலைக் குறைக்கும்.

படி 4: மாதிரி எடுத்தல்

கிருமிநீக்கிய கண்ணாடிப் போத்தலை நீர்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் ஆழத்தில் நீரோட்டத்தை நோக்கித் திறந்து நிரப்புங்கள். வெப்பநிலை, உவர்ச்செறிவு, பீ.எச்., கரைந்த ஒட்சிசன் ஆகியவற்றை அவ்விடத்திலேயே அளக்க வேண்டும். கரைந்த ஒட்சிசன் அதிகாலையில் குறைந்தும் பிற்பகலில் கூடியும் இருப்பதால், எப்போதும் தெற்கிலிருந்து வடக்காகவே சென்றால் இடத்தின் வேறுபாடும் நேரத்தின் வேறுபாடும் ஒன்றாகக் கலந்துவிடும்; ஒரு முறை சென்ற திசையை அடுத்த முறை மாற்றுங்கள். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து 6 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவருங்கள். ஓர் இடத்தில் ஒரு போத்தல் மட்டும் எடுத்து அதிலிருந்து பத்துக் கொலனிகளைச் சோதிப்பவரிடம் பத்து மாதிரிகள் இல்லை, ஒரு மாதிரியே உள்ளது. அந்தப் பத்தும் ஒரே கலத்தின் சந்ததியாகவும் இருக்கலாம். போத்தல்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே பயனுள்ள செலவு.

படி 5: பிரித்தெடுத்தல்

நீரை 0.45 மைக்கிரோமீற்றர் வடிதாளினூடாக வடித்து, ஈ.கோலையை நிறத்தால் காட்டும் டீ.பி.எக்ஸ். ஏகார் ஊடகத்தில் 44 பாகை செல்சியசில் வளர்த்தால் ஈ.கோலை நீலப்பச்சைக் கொலனிகளாகத் தோன்றும். அதே நீரை மில்லிலீற்றருக்கு 4 மைக்கிரோகிராம் செஃபோடாக்சிம் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி சேர்த்த தட்டிலும் வளர்த்து, இரு எண்ணிக்கைகளின் விகிதத்தைக் கணியுங்கள். மொத்த எண்ணிக்கையைவிட இந்த விகிதமே பயனுள்ளது, ஏனெனில் மழைநீர் ஐதாக்கினாலும் இரண்டும் ஒரே அளவில் குறையும்.

படி 6: மருந்தின் வலிமையையே மாற்றிவிடும் நீர்

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை, அதாவது பற்றீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்துச் செறிவை, வாவி நீரிலோ உப்புச் சேர்த்த ஊடகத்திலோ அளக்க ஆசை எழுவது இயல்பு. ஆனால் டெட்ராசைக்கிளினும் சிப்ரோபுளொக்சசினும் மக்னீசிய, கல்சிய அயன்களுடன் பிணைந்து வலிமை இழப்பவை. தரப்படுத்திய மியூலர்-ஹின்டன் திரவ ஊடகத்தில் லீற்றருக்கு 10 முதல் 12.5 மில்லிகிராம் மக்னீசியமே உண்டு. கடல்நீரில் ஏறத்தாழ 1,300 மில்லிகிராம் உண்டு. அந்த நூறு மடங்கு மக்னீசியத்தின் நடுவே மருந்து செயற்படாவிட்டால், மாறியது மருந்துதான். பற்றீரியா எந்த எதிர்ப்பையும் பெற்றிருக்க வேண்டியதில்லை. ஜென்டமைசினும் அவ்வாறே இந்த அயன்களாலும் அமிலத்தன்மையாலும் ஒட்சிசன் குறைவாலும் வலிமை குன்றுகிறது. ஒட்சிசன் குறைந்த சேற்றில் அதன் செயலின்மையைப் பற்றீரியாவின் வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது.

ஆகவே பற்றீரியாவை நெருக்கீட்டுக்கு உட்படுத்துவது ஓர் ஊடகத்திலும், எதிர்ப்பை அளப்பது தரப்படுத்திய மற்றோர் ஊடகத்திலும் நடைபெற வேண்டும். அளவீட்டில் மில்லிலீற்றருக்கு 5×10⁵ கலங்கள், 35 பாகை செல்சியசு, 16 முதல் 20 மணித்தியாலம் என்ற நியமங்களை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு தட்டிலும் ஏ.டி.சி.சி. 25922 என்னும் ஈ.கோலைக் கட்டுப்பாட்டை வையுங்கள். அதற்கு அம்பிசிலினின் தடுப்புச் செறிவு மில்லிலீற்றருக்கு 2 முதல் 8 மைக்கிரோகிராமுக்குள் வராவிட்டால் அன்றைய தட்டு முழுவதையும் நிராகரிக்க வேண்டும். இரட்டிப்பு ஐதாக்கலில் ஒரு படி வித்தியாசம் முறையின் இயல்பான தளம்பலே. 2 என்றிருந்தது 4 ஆனதை எதிர்ப்பின் உயர்வாக எழுத வேண்டாம்.

படி 7: மூன்று கூற்றுகளையும் பிரித்துக் காட்டும் பரிசோதனை

வாவியிலிருந்து பிரித்தெடுத்த பற்றீரியாக்களை இந்தப் பரிசோதனைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று மிகுந்த அக்கறையுடன் கேட்டுக்கொள்கிறேன். நோயை உண்டாக்கக்கூடிய ஒன்றில் எதிர்ப்பை வளர்த்தெடுப்பதை எந்த மாணவர் ஆய்வும் நியாயப்படுத்தாது. நோய் உண்டாக்காத ஈ.கோலை கே-12 வகையை மேற்பார்வையாளரின் கண்முன்னே பயன்படுத்துங்கள். பாடசாலையில் இப்படியைச் செய்யவே வேண்டாம்; தரவைக் கொண்டு விளக்கினாலே போதுமானது.

0.5, 1.5, 2.5, 3.5 சதவீத உப்புள்ள ஊடகங்களில் கே-12ஐ வளர்த்து, மூன்று வேளைகளில் அளவிடுங்கள்: நெருக்கீட்டில் இருக்கும்போது (படி 6இன் விதிக்கு விலக்காக, ஒப்பீட்டுக்கு மட்டும்), தரமான ஊடகத்துக்கு மாற்றிய உடனே, நெருக்கீடில்லாமல் நாளுக்கு ஒரு முறை நூறில் ஒரு பங்காக ஐதாக்கிப் பத்து நாள் வளர்த்த பின்னர். நூறில் ஒன்றாக ஐதாக்கும் ஒவ்வொரு முறையும் கலங்கள் ஏறத்தாழ 6.6 தலைமுறைகளைக் கடப்பதால், பத்து நாளில் 66 தலைமுறைகள் கழிந்திருக்கும். உயர்வு முதல் அளவீட்டில் மட்டும் காணப்பட்டால் அது பெரும்பாலும் ஊடகத்தின் விளைவு அல்லது உடலியல் மாற்றம். மாற்றிய உடனே இருந்து பின்னர் மறைந்தால் தற்காலிகத் தாங்குதிறன். பத்து நாளுக்குப் பின்னும் நிலைத்தால் மட்டுமே பரம்பரை மாற்றத்தைப் பற்றிப் பேசலாம்.

விகார வீதத்தை அறிய, மிகக் குறைந்த கலங்களுடன் தொடங்கிய இருபது தனித்தனிச் சிறு வளர்ப்புகளை உவரிலும் இருபதை உவரில்லாமலும் வளர்த்து, ரிஃபாம்பிசின் என்னும் மருந்து சேர்த்த தட்டில் தோன்றும் கொலனிகளை எண்ணும் லூரியா-டெல்புரூக் முறையைக் கையாளலாம். நெருக்கீடற்ற ஈ.கோலையில் நூறு மில்லியன் கலங்களுக்கு ஒன்று என்ற அளவில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு தோன்றும். வெப்பத்தை ஆராய்பவர்கள் மட்டும் இதில் விழிப்பாக இருக்க வேண்டும். 42.2 பாகை செல்சியசில் நூற்றுக்கும் மேற்பட்ட ஈ.கோலைக் குடித்தொகைகளை 2,000 தலைமுறைகள் வளர்த்த பரிசோதனையில், ரிஃபாம்பிசின் இலக்காகக் கொள்ளும் ஆர்.பி.ஓ.பி. பரம்பரையலகில் விகாரங்கள் மீண்டும் மீண்டும் தோன்றின. அவற்றுட் சில மருந்தே இல்லாத அந்த வெப்பத்தில் கலத்துக்கு நன்மையளித்ததோடு ரிஃபாம்பிசின் எதிர்ப்பையும் கொடுத்தன. அதாவது வெப்பத்தில் ரிஃபாம்பிசின் கொலனிகள் கூடினால் அது விகார வீதத்தின் உயர்வாகவும் இருக்கலாம், தேர்வாகவும் இருக்கலாம். வேறொரு இலக்கைத் தாக்கும் நலிடிக்சிக் அமிலம் என்னும் மருந்தை இரண்டாவது குறிகாட்டியாகச் சேர்ப்பது இந்த ஐயத்தைப் பெருமளவு தீர்க்கும்.

படி 8: நீரிலுள்ள மருந்து எச்சத்தையும் உலோகத்தையும் கணக்கில் எடுத்தல்

நீரில் கலந்துள்ள மருந்தின் அளவு பற்றீரியாவைக் கொல்லப் போதாதது என்பதால் அது தீங்கற்றது என்று கருதக் கூடாது. 2011இல் சுவீடனில் நடந்த ஓர் ஆய்வு, உணர்திறனுள்ள கலத்தைத் தடுக்கத் தேவையான டெட்ராசைக்கிளின் செறிவின் நூறில் ஒரு பங்கே எதிர்ப்புள்ள கலத்துக்கு முன்னுரிமை கொடுக்கப் போதும் என்று காட்டியது. மருந்து எச்சத்தை அளக்கும் கருவி எட்டவில்லையென்றால், பீ.சி.ஆர். மூலம் ஐ.என்.டி.-ஐ-1 என்னும் ஒருங்கிணைப்பு நொதியப் பரம்பரையலகைத் தேடலாம். மனிதக் கழிவு, உலோகம், கிருமிநாசினி ஆகியவற்றால் மாசடைந்த இடங்களில் அது கூடுதலாகக் காணப்படுவதால் மாசின் குறிகாட்டியாகப் பயன்படுகிறது. அடிச்சேற்றின் உலோகச் செறிவையும் அதனுடன் சேர்த்து வைத்துப் பாருங்கள். நீரைவிடச் சேறே பழைய வரலாற்றைக் கூடுதலாகத் தாங்கியிருக்கும்.

படி 9: முடிவை எழுதுதல்

அமெரிக்காவின் பகுதிகளை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, குறைந்தபட்ச வெப்பநிலை 10 பாகை கூடிய பகுதிகளில் ஈ.கோலையின் எதிர்ப்பு 4.2 சதவீதம் கூடியிருந்ததைக் கண்டது. அதன் ஆசிரியர்கள் தொடர்பு என்றே எழுதினார்கள், காரணம் என்று எழுதவில்லை. உங்கள் களத்தரவுக்கும் அதே கட்டுப்பாடு பொருந்தும். "உவர் கூடிய இடங்களில் செஃபோடாக்சிம் எதிர்ப்பின் விகிதம் கூடியிருந்தது" என்பது களத்தரவு தாங்கும் வாக்கியம். "உவர் எதிர்ப்பைத் தோற்றுவித்தது" என்பதை எழுத படி 7இன் மூன்றாவது அளவீடும் விகார வீதமும் துணைநிற்க வேண்டும். எந்த வேறுபாடும் காணப்படாவிட்டால் அதையும் முழுமையாக எழுதுங்கள், ஏனெனில் வாவிக்கு அடுத்ததாக வரும் ஆய்வாளருக்கு அது சம அளவில் பயன்படும்.

அட்டவணையில் சராசரியை மட்டும் தராமல் ஒவ்வொரு பிரித்தெடுப்பின் தடுப்புச் செறிவையும், அது எடுக்கப்பட்ட இடம், நேரம், உவர், வெப்பநிலை, முகத்துவாரத்தின் நிலை ஆகியவற்றையும் அதே வரியில் கொடுங்கள். பிரித்தெடுத்த பற்றீரியாக்களை 20 சதவீதக் கிளிசரோலில், பூச்சியத்துக்குக் கீழே 80 பாகை செல்சியசில், அந்த வரியின் இலக்கத்தைக் குறித்துச் சேமித்து வையுங்கள். மீதி வளர்ப்புகள் அனைத்தையும் 121 பாகை செல்சியசில் 15 நிமிடம் அமுக்கக் கிருமிநீக்கியில் வைத்த பின்னரே ஆய்வுகூடத்துக்கு வெளியே விடுங்கள்.